அத்திவாரம் வெடித்தால் பூசுவதற்கு முன் தண்ணீர் போகிற வழியைப் பாருங்கள்

மலையகத்தில் நோர்வூட் பக்கமிருந்து தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவின் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசில் 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய வீடு, 4 வருடமாகிறது. போன பெருமழைக்குப் பிறகு, முன் மூலையிலிருந்து நாலைந்து அடி தள்ளி அத்திவாரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு தொடங்கி, புளொக் கல் இணைப்புகள் வழியாகப் படிக்கட்டு மாதிரி மூலைப் பக்கமாக ஏறி, கூரைக்குக் கிட்டப் போகும்போது ஐந்து ரூபாய்க் காசு செருகும் அளவுக்கு அகன்றிருக்கிறது. மேசன் வந்து பார்த்துவிட்டு, கொத்தி சீமெந்து அடைத்துப் பூசினால் சரி என்று சொல்லியிருக்கிறார். பூசலாமா, இல்லை வீடே போய்விடுமா என்பதுதான் கேள்வி.

இப்போதைக்குப் பூசாதீர்கள் தம்பி. எந்தப் பக்கம் மண் இறங்கியது, எவ்வளவு இறங்கியது, இன்னும் இறங்குகிறதா என்பதற்கெல்லாம் உங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி அந்த வெடிப்புத்தான். அதைப் பூசி மறைத்துவிட்டால் அடுத்த மழையில் திரும்ப வெடிக்கும், அப்போது அது பழைய வெடிப்பா, புதிதாக எவ்வளவு அகன்றது என்று யாராலும் சொல்ல முடியாது. காசும் போகும், சாட்சியும் போகும். வீடு போய்விடுமோ என்ற பயத்துக்கும் இப்போது அவசரம் இல்லை. 2, 3 மில்லிமீற்றர் வெடிப்பால் மட்டும் வீடு விழாது. அது நின்றுவிட்ட வெடிப்பா, இன்னும் நகர்கிற வெடிப்பா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது.

அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நுனி கோட்டைத் தாண்டினால் வளர்கிறது என்று அர்த்தம். அப்புறம் வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு கொங்கிரீட் ஆணி அடித்து, ஆணித் தலைகளுக்கு இடையிலான தூரத்தை ஒரே ஆள், ஒரே அடிமட்டத்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் அளந்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஆணி தவிர, வெடிப்பின் மேல் இரண்டு மூன்று இடத்தில் உள்ளங்கை அளவுக்கு பிளாஸ்டர் ஒஃப் பாரிஸை மெல்லிசாக அப்பிவிட்டால், சுவர் அரை மில்லிமீற்றர் அசைந்தாலும் அது பளிச்சென்று பிளந்து காட்டும். பக்கத்தில் அடிமட்டத்தை வைத்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமான விஷயம், இந்தக் கணக்கு ஒரு மழைக்காலத்தையாவது தாண்ட வேண்டும். உங்கள் பக்கம் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, அதனால் ஜனவரியில் அளந்து பார்த்துவிட்டு ஒன்றும் அசையவில்லை என்று சந்தோஷப்பட்டால் ஏமாந்து போவோம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்து ஆட்களுக்கு இது வேறு, அங்கே ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரைக்கும்தான் மண் நன்றாக ஊறுகிற காலம்.

அகலத்தைப் பற்றிப் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு என்னவென்றால், 1 மில்லிமீற்றருக்குள் என்றால் பூச்சோடு போகிற விஷயம், 5 வரைக்கும் சின்னது, 5 இலிருந்து 15 வரை என்றால் சுவரைத் திறந்து வேலை செய்ய வேண்டியது, 15 ஐத் தாண்டினால் அந்தப் பகுதியை உடைத்துக் கட்ட வேண்டி வரும், 25 ஐத் தாண்டினால் கட்டடம் நிற்குமா என்றே கேட்க வேண்டும். ஆனால் மலையில் இந்த இலக்கத்தை மட்டும் நம்பக் கூடாது. 10 வருடமாக 6 மில்லிமீற்றரிலேயே நிற்கிற வெடிப்பை விட, ஒரே வாரத்தில் ஒன்றிலிருந்து மூன்றுக்குப் போன வெடிப்பைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

இனி வெடிப்பை வாசிக்கிற விதம். சாய்வாகப் போகிற வெடிப்புக்குக் குறுக்கே, அதைச் செங்கோணத்தில் வெட்டுகிற மாதிரி மனதில் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு எந்தப் பக்கம் கீழ்நோக்கிப் போகிறதோ அந்தப் பக்கம்தான் இறங்கியிருக்கிறது. மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருந்தால் வீட்டின் ஓரம் இறங்குகிறது, கீழே அகலமாகவும் மேலே ஒடுக்கமாகவும் இருந்தால் நடுப்பகுதி உட்காருகிறது. உங்களுடையது மூலைப் பக்கமாக ஏறுகிறது, மேலே அகலம். அதனால் உங்கள் முன் மூலை இறங்குகிறது என்று இங்கிருந்தே ஓரளவு துணிந்து சொல்லலாம். ஜன்னல், கதவு மூலைகளில் மட்டும் வருகிற சின்னச் சாய்வு வெடிப்பு பெரும்பாலும் லின்டல், அதாவது ஜன்னல் கதவுக்கு மேலே போடுகிற பீம், அதன் பிரச்சினை. பூச்சில் வலை மாதிரி எல்லாப் பக்கமும் ஓடுகிற மெல்லிய கீறல் சீமெந்து காயும்போது சுருங்கியது, அதற்கும் அத்திவாரத்துக்கும் சம்பந்தம் இல்லை. மண்ணைத் தாங்கி நிற்கிற பின் சுவரில் நீளவாக்கில், தரைக்குச் சமாந்தரமாக ஒரு வெடிப்பு வந்து சுவர் உள்ளே வயிறு தள்ளினால் அது வேறு கதை. பின்னால் இருக்கிற மண்ணும் அதற்குள் தேங்கிய தண்ணீரும் சுவரைத் தள்ளுகின்றன, அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

சரி, மூலை ஏன் இறங்குகிறது? நம் பக்கம் சமதரைக் காணி யாருக்கும் கிடைப்பதில்லை. சரிவில் பின் பக்கம் மண்ணை வெட்டி, அந்த மண்ணையே முன் பக்கம் போட்டு நிரவி, அதற்கு மேல் வீட்டைக் கட்டுகிறோம். அப்படியென்றால் வீட்டின் பின் பாதி பல நூறு வருடமாக இறுகிக் கிடக்கிற மண்ணிலும், முன் பாதி போன மாதம் கொட்டின மண்ணிலும் உட்காருகிறது. கொட்டின மண்ணை 6 அங்குலத்துக்கு ஒரு படையாகப் போட்டு, இடித்து, திரும்ப ஒரு படை போட்டு இடித்திருந்தால் பாதிப் பிரச்சினை வந்தேயிருக்காது. பெரும்பாலும் ஒரே தரமாகத் தள்ளி, மேலே மட்டும் மிதித்துவிட்டு அத்திவாரம் வெட்டுகிறார்கள். அதற்குள் பிடுங்கிப் போட்ட தேயிலைக் கட்டை, சவுக்கு மர வேர் எல்லாம் புதைந்து கிடக்கும். அது 3, 4 வருடத்தில் உக்கிப் போய் உள்ளே வெற்றிடம் வரும். உங்கள் வீட்டுக்கு 4 வயது என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

இன்னொன்று, நம் மலைச் சரிவுகளில் பழைய காலத்தில் மேலிருந்து உருண்டு வந்த பெரிய கருங்கற்கள் மண்ணுக்குள் கலந்து கிடக்கும். அத்திவாரக் குழி வெட்டும்போது ஒரு மூலையில் பாறை தட்டுப்பட்டால், நல்ல பலம் என்று நினைத்து அதன் மேலேயே கொங்கிரீட் போட்டுவிடுகிறார்கள். மற்ற மூன்று மூலையும் மண்ணில் நின்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, அந்த ஒரு மூலை மட்டும் இறங்காமல் நிற்கும். பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் வீடு பிளக்கும். அத்திவாரம் முழுக்கப் பாறையில் நிற்கட்டும், இல்லை முழுக்க மண்ணில் நிற்கட்டும், பாதிக்குப் பாதி வேண்டாம்.

இதெல்லாம் இருந்தும் பல வீடுகள் வெடிக்காமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்த வரைக்கும் வெடித்த வீட்டுக்கும் வெடிக்காத வீட்டுக்கும் இருக்கிற வித்தியாசம் தண்ணீர். நிரப்பின மண் காய்ந்திருக்கும்போது பாரத்தைத் தாங்கும், ஊறிப்போனால் குழைந்து விட்டுக்கொடுக்கும். ஒரு கணக்குச் சொல்கிறேன். 550 சதுர அடி வீட்டுக் கூரையில் ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழுகிற தண்ணீர் ஏறத்தாழ 5,100 லீற்றர், அதாவது ஆயிரம் லீற்றர்த் தாங்கி ஐந்து. கூரை ஓரத்தில் தண்ணீரைப் பிடிக்கிற பீலி அடிக்காத வீட்டில் அவ்வளவும் அத்திவாரத்தை ஒட்டித்தான் விழுகிறது, அதுவும் நாள் கணக்கில் விடாமல்.

அப்புறம் கான், அதாவது தண்ணீர் ஓட வெட்டுகிற வாய்க்கால். தேயிலை மலைகளில் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி வைத்ததே, மழைத்தண்ணீர் மண்ணை அரிக்காமல் ஓடைக்குப் போய்ச் சேரத்தான். நம் தாத்தா பாட்டிமார் கை வலிக்க வெட்டிப் பராமரித்த கான்கள் அவை. வீட்டுக் காணி பிரிக்கும்போது முதலில் மூடப்படுவது அந்தக் கான்தான், ஏனென்றால் அது காணிக்குக் குறுக்கே ஓடுகிறது. மூடிவிட்டால் மேலேயிருந்து வருகிற தண்ணீர் நின்றுவிடுமா? அது கான் இருந்த இடம் வரை வந்து, போக வழியில்லாமல், வீட்டுக்கு அடியில் இறங்கும். உங்கள் காணிக்கு மேல் ஒரு தரம் ஏறி நடந்து பாருங்கள், பழைய கான் எங்கே வந்து நிற்கிறது என்று. வயசானவர்களிடம் கேட்டால் இன்னும் ஞாபகமாகச் சொல்வார்கள்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு வீட்டைப் பார்க்கப் போனேன். மூன்று வருடத்தில் மூன்று தரம் ஒரே வெடிப்பைப் பூசியிருந்தார்கள், கடைசித் தரம் கம்பி வலை வைத்தும் பூசியிருந்தார்கள். நான் அலவாங்கை எடுத்து அந்த மூலைக்கு வெளியே குத்தினேன், கையால் அழுத்தினதுக்கே இரண்டு அடி உள்ளே போனது. பின் பக்கம் குத்தினால் 4 அங்குலம்கூட இறங்கவில்லை. தோண்டிப் பார்த்தால் குசினித் தண்ணீர் போகிற குழாய் மண்ணுக்குள் இணைப்பு விட்டுப்போய், கழுவுகிற தண்ணீர் முழுக்க மூன்று வருடமாக அத்திவாரத்தை ஒட்டியே ஓடியிருக்கிறது. குழாயை மாற்றி, கான் வெட்டி, ஒரு மழைக்காலம் அளந்து பார்த்தோம், அசையவில்லை. அதற்குப் பிறகு செய்த திருத்தம் இன்று வரை நிற்கிறது. அந்த வீட்டு அம்மா மூன்று தரம் நகை அடகு வைத்துப் பூசியவர். அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மண்ணிலிருந்து தண்ணீர் வற்றினாலும் வீடு வெடிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். உமா ஓயா ஆற்றுத் தண்ணீரைத் திருப்பும் திட்டத்துக்குச் சுரங்கம் குடையும்போது 2014 டிசம்பரில் தண்ணீர் உடைத்துக்கொண்டு உள்ளே பாய, பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றி, வீடுகள் வெடித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். நிலத்தடி நீர் இறங்கினால் அது தாங்கிக்கொண்டிருந்த மண் அமுங்கும். உங்கள் இடத்துக்கு இது பொருந்தாது.

கொங்கிரீட்டின் சொந்தக் குறைகளால் வருகிற வெடிப்புகளும் உண்டு. தண்ணீர் அதிகம் விட்டுக் குழைத்தது, 7 நாளாவது நனைக்காமல் விட்டது, கம்பிக்கும் மண்ணுக்கும் இடையில் 2 அங்குலம் கொங்கிரீட் இல்லாமல் கம்பி துருப்பிடித்து வீங்கியது போன்றவை. கம்பி துருவால் வந்த வெடிப்பு கம்பி போகிற கோட்டிலேயே நேராக ஓடும், துருக்கறையும் கசியும். நுவரெலியா போலக் குளிரான இடத்தில் கொங்கிரீட் இறுக நாள் எடுக்கும், ஆனால் காற்று மேல் ஈரத்தை உறிஞ்சிவிடும், அதனால் குளிர்தானே என்று நனைக்காமல் விடக் கூடாது.

திருத்துவதற்கு முன் இன்னொரு விஷயம் இருக்கிறது, இதை மட்டும் தயவுசெய்து இரண்டு தரம் வாசியுங்கள். வெடிப்பு வீட்டில் மட்டும் இருக்கிறதா, நிலத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு மேலே அல்லது முற்றத்தில் மண்ணில் பிறை மாதிரி வளைந்த வெடிப்பு, புதிதாக ஊற்று வருவது, இருந்த ஊற்று திடீரென்று நிற்பது அல்லது கலங்கி வருவது, மரமும் மின்கம்பமும் சாய்வது, போன வாரம் வரை மூடின கதவு இறுகுவது, இதில் ஒன்றிரண்டு சேர்ந்து தெரிந்தால் நகர்வது அத்திவாரம் இல்லை, மலை. அதற்கு சீமெந்தும் கம்பியும் மருந்து இல்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போன மலையைப் பற்றி அதற்கு முன்பே எச்சரிக்கை இருந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையிலும் மலையகம் என்ன பாடு பட்டது என்று உங்களுக்கே தெரியும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 ஆனாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கிற அளவு இது. நிலத்தில் வெடிப்புத் தெரிந்தால் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் கொடுத்து, அந்த நிறுவனத்தின் மாவட்ட அலுவலக ஆட்கள் வந்து பார்க்கக் கேளுங்கள். அவசரம் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. அவர்கள் வரும் வரை நில வெடிப்பைக் களிமண்ணால் அடைத்து, மேலே பொலித்தீன் விரித்து, தண்ணீர் இறங்காமல் வையுங்கள். மழை தொடர்ந்தால் அந்த வீட்டில் தூங்காதீர்கள்.

நிலம் அசையவில்லை, வீட்டு மூலை மட்டும்தான் என்றால் வேலையைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். வீட்டுக்கு மேலே, பின் பக்கம் மண்ணை வெட்டின திட்டுக்கும் மேலே ஒரு கான், அது கொங்கிரீட் பூசினதாக இருந்தால் நல்லது, ஏனென்றால் வெறும் மண் கான் தண்ணீரை உள்ளே விடும். திட்டின் அடியில் இன்னொரு கான். கூரைக்குப் பீலி, பீலியிலிருந்து குழாய், குழாயிலிருந்து கான் வரை தொடர்ச்சியாக. வீட்டைச் சுற்றி இரண்டு அடி அகலத்துக்கு வெளிப்பக்கமாகச் சரிந்த கொங்கிரீட் தரை. எல்லாத் தண்ணீரும் ஓடையில் போய் விழ வேண்டும், கீழ் வீட்டுக்காரரின் காணியில் விழக் கூடாது, அவருடைய பின் சுவர் நம்மால் வெடிக்கும். முன் பக்கம் நிரப்பின மண்ணைத் தாங்குகிற கல் கட்டில் தண்ணீர் வடிய ஐந்து அடிக்கு ஒரு குழாய் இருக்கிறதா, இருந்தால் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றை வீட்டு ஆட்களே செய்யலாம், பல வெடிப்புகள் இத்தோடு நின்றும் விடும்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் அளந்து, அசையவில்லை என்று தெரிந்தால் வெடிப்பைத் திருத்தலாம். கொங்கிரீட் பீமில் மெல்லிய வெடிப்பு என்றால் இபொக்சி என்கிற பசையை உள்ளே ஏற்றுவது நல்லது, மேலே அடைத்து, சின்னக் குழாய்கள் வைத்து, கீழிருந்து மேலாக மெதுவாக ஏற்ற வேண்டும், உள்ளே காய்ந்திருக்க வேண்டும். ஈரம் கசிகிற வெடிப்பில் பொலியூரத்தேன் என்கிற நுரைப் பசையை ஏற்றுவார்கள், அது தண்ணீரை நிறுத்தும், பலம் தராது. கருங்கல் அத்திவாரத்தில் இணைப்புகளை ஒன்றரை அங்குலம் ஆழம் சுரண்டிக் கழுவி, சுருங்காத கிரௌட் என்கிற சீமெந்துக் கலவையை அடைக்க வேண்டும். உங்கள் புளொக் சுவருக்கு இரண்டு வரிக்கு ஒரு தரம் கிடை இணைப்பை வெட்டி, வெடிப்புக்கு இரு பக்கமும் ஒன்றரை அடி போகிற மாதிரி 6 மில்லிமீற்றர் துருப்பிடிக்காத கம்பியைக் கிரௌட்டில் புதைத்துத் தைக்க வேண்டும். அதற்கு மேல் பூசினால் பூச்சு நிற்கும். உங்கள் மேசனே இதைச் செய்வார், விளக்கிச் சொன்னால் போதும்.

தண்ணீரைத் திருப்பிய பிறகும் மூலை இறங்கினால் அத்திவாரத்துக்குக் கீழே தோண்டி, இறுகின மண் வரைக்கும் புதுக் கொங்கிரீட் போட வேண்டும். இதை எஞ்சினியர் இல்லாமல் செய்யாதீர்கள். ஒரு தரத்தில் மூன்று நாலு அடி நீளத்துக்கு மேல் திறக்கக் கூடாது, பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை ஒன்றாகத் திறக்கவே கூடாது, ஒன்று விட்டு ஒன்றாகத்தான் போக வேண்டும். புதுக் கொங்கிரீட்டைப் பழைய அத்திவாரத்துக்கு 3 அங்குலம் கீழே நிறுத்தி, அது இறுகின பிறகு அந்த இடைவெளியில் அரை ஈரச் சாந்தை இறுக்கி அடித்து ஏற்ற வேண்டும், இல்லையென்றால் பாரம் இறங்காது. உங்கள் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடிக்க வேண்டிய வேலை இது. மழையில் அத்திவாரத்துக்குக் கீழே குழி தோண்டி ஆளை இறக்குவது உயிர் ஆபத்து.

உங்கள் கேள்வியில் ஒரு விவரம் இல்லை தம்பி. மலசலகூடக் குழி எந்தப் பக்கம் இருக்கிறது? பின் பக்கம் மேட்டில் என்றால் அதன் ஊறல் வீட்டுக்கு அடியால்தான் வரும். முன் பக்கம் நிரப்பின மண்ணுக்குள், அந்த மூலைக்குக் கிட்ட இருக்கிறது என்றால், கான் வெட்டுவதற்கு முன்னமே அதை வேறு இடத்துக்கு, குறைந்தது பதினைந்து இருபது அடி தள்ளிப் பக்கவாட்டில் மாற்ற வேண்டும். அந்த மூலைக்கு வெளியே அலவாங்கால் ஒரு குத்துக் குத்தி, எவ்வளவு ஆழம் போகிறது, வெளியே எடுக்கும்போது நுனி ஈரமா காய்ந்திருக்கிறதா, மணக்கிறதா என்று பார்த்து, அதோடு வெடிப்பின் படத்தையும் அனுப்புங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.